தூளிக்கு மேலே

சித்திரை, ஞாயிற்றுக்கிழமை இரவு

கீரனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய மாட்டுக்கொட்டகையைப் படம் எடுத்தேன். இருட்டு மூலையில் சேலைத் தூளியில் கைக்குழந்தை கிடந்தது. வெளிச்சம் விழும் நடு விட்டத்தில் தூளியை மாற்றிக் கட்டச் சொன்னேன். குழந்தையின் தாய் முகம் சுளிக்காமல் கட்டினாள்.

முடிந்ததும், "பழையபடி கட்டிடுங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க, இங்கிட்டுத்தான் காத்து வருது. புழுக்கத்துக்கு ராத்திரியும் நாங்க கொட்டகையிலதான் படுப்போம்."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினேன். விட்டத்துக்கும் ஓலைக்கும் நடுவே நான் கயிறு என்று நினைத்தது கயிறு இல்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். கட்டுவிரியன். நேர் கீழே தூளி.

போன் நம்பர் வாங்கவில்லை. அவள் பெயரையோ ஊர்ப் பெயரையோகூடக் கேட்கவில்லை. ஓலையை மட்டும் எத்தனையோ கோணத்தில் எடுத்திருக்கிறேன்.

நண்பன் கார் எடுத்துக்கொண்டு வருகிறான். வழி எனக்குத் தெரியும், தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவன் வரும்வரை இதை எழுதுகிறேன்.

குழந்தை கேமராவைப் பார்க்கவே இல்லை. மேலே எதையோ பார்த்து அது சிரித்தபோதுதான் நான் கிளிக் செய்தேன்.