மூன்றாவது மருந்து

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா உன்னிடம் வந்து பத்து நாளாகிறது. மூச்சிழுப்பு வருகிறதா? மறைக்காமல் எழுது. இங்கே எங்கள் அறைக்குப் பின்னால் வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது நின்றபாடில்லை. கொளுத்துகிறவனைக் கேட்டால், "ஜன்னலைச் சாத்திக்கம்மா" என்கிறான். ஜன்னல் இருந்தால்தானே சாத்த! படித்துப் பட்டம் வாங்கினதற்கு மாநகராட்சிக்கு நாலு மனு எழுதிப் போட்டேன். எங்கள் சந்து அவர்கள் வரைபடத்திலேயே இல்லையாம்.

டாக்டர் சீட்டில் மூன்றாவதாக 'வீடு மாற்றவும்' என்று எழுதியிருந்தார். மருந்துக் கடைக்காரர் படித்துவிட்டு, "ரெண்டு இருக்கு, மூணாவது ஸ்டாக் இல்லம்மா" என்றார். அங்கே சிரித்துவிட்டு வீட்டில் வந்து அழுதேன்.

பாப்பா என் சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். ஒன்று அனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை, என் வாசனை இருக்கட்டும்.

உன் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பின சேலை வரும்வரை ஒரு இருமல் இல்லை. சேலையைக் கொடுத்த அன்றே இழுக்க ஆரம்பித்துவிட்டது. மோந்து பார்த்தேன், கருகின ரப்பர் நாற்றம். உனக்குப் பழகிப்போயிருக்கும். மூன்று தண்ணீரில் அலசிப் போட்டேன். இப்போது ஓடியாடுகிறாள்.

இங்கே பள்ளியில் சேர்க்கை நடக்கிறது. "புள்ள இங்கயே இருந்து படிக்கட்டுமே" என்கிறார் உன் மாமா. நீயும் யோசி.

அக்கா

மார்ச் 15

அக்கா,

கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்றுதான் விட்டேன். உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையை எடுத்துக்கொள்வாயா? அடுத்த ஞாயிறு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

தங்கை

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அவள் வரப்போகிறாள் என்று பாய், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் இரண்டு நாள் துவைத்தேன். கொடியிலிருந்து எடுக்கும்போதே கரி படிந்திருந்தது. "இன்னொரு தடவ அலசிடறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றார். "விடுடி. புகையையா தொவைப்ப?" என்றார்.

பிறப்புச் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. பள்ளியில் சேர்த்துவிடு. விண்ணப்பத்தில் உன் முகவரியையே போடு. கணக்கு மட்டும் அவளுக்குப் படம் போட்டுக் காட்டினால்தான் ஏறும். அதட்டினால் வாயே திறக்க மாட்டாள்.

ஞாயிறு வருகிறேன்; அழைத்துப்போக இல்லை, பார்க்கத்தான். நான் குளித்து உன் துணி எதையாவது மாற்றிக்கொள்ளும்வரை அவளை உள்ளறையிலேயே வைத்திரு. என்னைப் பார்த்தால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள்.

உன் தங்கை