கறுப்புத் தகட்டுக்குக் கீழே

மார்ச் 3

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அலமாரி மேலிருந்த அப்பாவின் கிதாரை அம்மா ஒருவழியாக இறக்கிக் கொடுத்துவிட்டாள். ஆறு வருஷத் தூசி. தும்மியே பாதி நாள் போயிற்று. தந்தி மாற்றியாயிற்று. ஆனால் வாசிக்கும்போது மரத்தில் கீறல் விழாமலிருக்க ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தகடு ஒட்டியிருக்குமே, பிக்கார்டு, அது ஓரமெல்லாம் சுருண்டு பார்க்கச் சகிக்கவில்லை. கடையில் கொடுக்காமல் நானே வீட்டில் மாற்றப்போகிறேன். அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை உங்களிடம்தானே இருக்கிறது? ஒரு துண்டு வெட்டி அனுப்புங்கள். துணியை ஒட்டி, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் போட்டால் ஜம்மென்று இருக்கும். அளவுக் காகிதம் உள்ளே வைத்திருக்கிறேன். ஜூன் விடுமுறையில் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 14

வாயாடிக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஆறு வருஷம் எட்டிப் பார்க்காதவளுக்குத் துணி வேண்டியதும் பாட்டி ஞாபகம் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

சட்டையில் கத்தரிக்கோல் வைக்க மாட்டேன். தகட்டையும் நீ தொடாதே. என் பிள்ளை தன் கையால் ஒட்டியது அது. ஏன் ஒட்டினான் என்று உன் அம்மாக்காரியைக் கேள். தனிக்குடித்தனம் போக அவளுக்கு அத்தனை அவசரம். மூட்டை கட்டுகிறேன் என்று கிதாரைக் கீழே போட்டு உடைத்தாள். செவ்வாய்க்கிழமை. தூறல். உனக்கு ஒரு வயசு. மஞ்சள் கவுன், அதில் மேல் பொத்தான் இல்லை. எனக்கு எதுவும் மறக்காது. அவன் கண்ணை மூடின அன்றைக்கும் நாலு பேர் முன்னால் சொன்னேன். அவள் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்?

ஜூனில் வா. உன் தலையணைக்குப் புது உறை தைத்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவைப் பெற்றவள்

மார்ச் 29

பாட்டிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் தகட்டைக் கழற்றிவிட்டேன். தலைமுடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி, பசை இளகியதும் பழைய பஸ் கார்டை அடியில் விட்டு மெல்லத் தள்ளினேன். கீழே மரம் வெளுப்பாக இருந்தது. நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. கீழே விழுந்தால் விரிசல் விடும், பாட்டி. இது யாரோ குத்தியது.

அம்மாவிடம் காட்டினேன். "மூடிடுடி," என்றாள்.

"யாரும்மா பண்ணது?"

"சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா வாக்கு வாங்கிட்டாரு."

"அவருதான் இல்லையே."

"குடுத்தவ இருக்கேனே."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் எழுதுங்கள். யார் என்று ஒரே ஒரு வரி போதும். எதுவானாலும் ஜூனில் வருவேன்.

வாயாடி

ஏப்ரல் 11

வாயாடிக்கு,

நான்தான்.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியையும் கேட்டுக்கொள். செவ்வாய்க்கிழமைதான். தூறல்தான். உன் மஞ்சள் கவுனுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் கத்தரிக்கோல் கையில் இருந்தது. "வீடு பாத்தாச்சும்மா, ஞாயித்துக்கிழமை போறோம்," என்றான், கிதாரை மீட்டிக்கொண்டே. நான் காதில் விழாத மாதிரி நூலைக் கடித்தேன். கிதாரை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, "கேக்குதாம்மா?" என்றான். கேட்டது. எழுந்து போய்க் கிதாரில் குத்தினேன்.

மறுநாள் தகடு ஒட்டியிருந்தான். "அழகா இருக்காம்மா?" என்றான். இருக்கு என்றேன். பக்கத்து வீட்டுக்காரி, என்ன புதுசா தகடு என்று கேட்டாள். உன் அம்மா போட்டு உடைத்துவிட்டாள் என்று என் வாயில் வந்தது. பதினெட்டு வருஷமாக அதையே சொல்கிறேன். அவள் நல்லவள் என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே. அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை.

சட்டையை வெட்டிவிட்டேன். உன் காகிதத்தை வைத்துத்தான் வெட்டினேன், ஆனால் பழகின கை, தையலுக்கென்று சுற்றிலும் அரை அங்குலம் தானாக விட்டுவிட்டது. நறுக்கிக்கொள். ஜூனில் எந்தத் தேதி என்று எழுது.

பாட்டி

ஜூன் 27

பாட்டிக்கு,

துணி ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நான் துணியை ஒட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு, "மூடாத. மூடி வச்சது போதும்," என்றாள். வெறும் பிளாஸ்டிக் தாளை மட்டும் ஒட்டியிருக்கிறேன். ஓட்டை இரண்டும் நன்றாகத் தெரிகின்றன. வாசிக்கும்போது கண் அங்கேதான் போகிறது. துணி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அந்த அரை அங்குலத்தைக்கூட அவள் நறுக்கவிடவில்லை.

எதுவானாலும் வருவேன் என்று எழுதியிருந்தேன். இரண்டு தடவை டிக்கெட் எடுக்கக் கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். விடுமுறை முடிந்துவிட்டது.

அந்த மஞ்சள் கவுனை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். மேல் பொத்தான் இன்றுவரை இல்லை.

உங்கள் மகனின் மகள்