பாலத்துப் பள்ளியா, மில் பள்ளியா

என்னங்க,

எனக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று உங்களிடம் எரிந்து விழுந்ததற்குக் காரணம் இதுதான். மத்தியானம், மகளைச் சேர்க்க நீங்கள் சொன்ன பாலத்துப் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். லேப், லைப்ரரி எல்லாம் ஜோர். "உங்க பொண்ணும் இங்கதான் படிக்குதா?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"இல்லீங்க, மில் ஸ்கூல்ல. அங்க பிள்ளைங்க கம்மி, நல்லா கவனிச்சுக்கறாங்க" என்றார்.

நான் சொன்ன பள்ளிதானே என்ற தெம்பில் மில் பள்ளிக்குப் போனால், அங்கிருந்த தலைமையாசிரியர், "என் பையன் பாலத்து ஸ்கூல்லம்மா. அங்கதான் லேப் இருக்கு" என்கிறார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. அந்தக் கடுப்பை உங்கள் மேல் கொட்டிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்று நம் மகளையே கூட்டிப்போய் இரண்டையும் காட்டுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு: இப்போதுதான் எழுந்து வந்தாள். எந்தப் பள்ளி பிடிக்கும் என்று கேட்டேன்.

"டெய்லர் மாமா பொண்ணு சேர்ற ஸ்கூல்."

"அவ எதுல சேர்றா?"

"நான் சேர்றதுலதானாம்."