மருமகளின் சட்டையில் சுண்ணாம்பு

மார்ச் 3, வியாழன்
காலையிலேயே வெயில் சுட்டது. மண்டபக்காரனோடு பேச்சு. நானூறு பேருக்குச் சாப்பாடு. மருமகள் துவாரகா, தங்கையின் மகள், பெரியபிள்ளையாகி இரண்டு வருடம். கொரோனாவால் சாமத்திய வீட்டுச் சடங்கு தள்ளிப் போயிற்று. முதல் தண்ணீர் வார்ப்பவன் தாய்மாமன் நான். கொக்குவில் ஊரே வாய் பிளக்க வேண்டும். ஊர்வலத்துக்கு யானை வருகிறது என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டேன். (குதிரைதான் யோசனை. அதுவும் இன்னும் விசாரிக்கவில்லை.)
தங்கை மலர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "அண்ணை, உவள் ஒண்டும் கதைக்கிறாளில்லை. வீட்டுக்கையும் மாஸ்க்."
சந்தேகம்.

4, வெள்ளி
ஆதாரங்கள்: சாப்பிடும்போதும் மாஸ்க்கைத் தாடைக்குத்தான் இறக்குகிறாள். ரியூசன் முடிந்து வந்தால் சட்டை முதுகில் சுண்ணாம்பு. கூடப் படிக்கிற பிள்ளையை மறித்துக் கேட்டேன். "துவாரகாவோ? அவ வகுப்புக்கு வாறேல்லையே, அங்கிள்!"
ஆனால் கொப்பி நிறையப் பாடம். எழுதிக் கொடுப்பது ஆர்? எவனோ ஒரு பெடியன்தான். என் கண்ணுக்குத் தப்ப ஏலாது. பொலிசே ஒருமுறை என்னிடம் கேட்டது. (வழி.)

5, சனி
பின்னேரம், புழுக்கம். பெற்றோல் இல்லை. சைக்கிளில் பின்தொடர்ந்தேன். ரியூசன் வாசல் வரை போனாள். உள்ளே போகவில்லை. பின் ஒழுங்கையில் வெள்ளையடித்த மதிலில் சாய்ந்து, நிலத்தில் குந்தியிருந்து கொப்பியைத் திறந்தாள்.
பெடியனுக்காகக் காத்திருந்தேன். வந்தது வாத்தியாரின் குரல், மைக்கில். உள்ளே இருநூறு பிள்ளைகள், வெளியே இவள். எழுதிக்கொண்டே இருந்தாள்.
கரண்ட் போயிற்று. மைக் நின்றது. உள்ளே பிள்ளைகள் கூக்காட்ட, இவள் காதைப் பொத்தினாள். சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிட்டப் போனேன்.
"பிள்ளை, ஏன் உள்ளுக்கை போகேல்லை?"
"சனத்தைக் கண்டால் மூச்சு வருதில்லை, மாமா. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த நாளிலையிருந்து இப்பிடித்தான்." பிறகு மெதுவாக: "நானூறு பேரோ, மாமா?"
எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

6, ஞாயிறு
அவளிடம் கேட்டுவிட்டு மலருக்குச் சொன்னேன். நாளை ஆசுப்பத்திரி, மனநல டொக்டர். மண்டபம் வேண்டாம். மலர் அழுதாள். "சனம் என்ன சொல்லும், அண்ணை?"
"சனத்தை என்னட்டை விடு."
கடையில் நான் விட்ட கதை: கண்டியிலிருந்து வந்த பெரிய சாத்திரி சாதகத்தைப் பார்த்து, இந்த வருடம் கூட்டம் கூடாது என்று சொல்லிவிட்டார்.
"அப்ப யானை?"
"யானைக்கும் கொரோனா."
தண்ணீர் வார்ப்பு எங்கள் கிணற்றடியில். மூன்று பேர்.
"உண்மையாவோ, மாமா? மூண்டு பேர்தானோ?"
"ஓம். நீ, அம்மா, நான்." விரலில் எண்ணிக் காட்டினேன்.
மாஸ்க்குக்குள் சிரித்த மாதிரி. சந்தேகம்தான்.