மக்காச்சோளம் காய்ந்த தளம்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இனி உன்னால் மறுத்துப் பேச முடியாது என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்று குன்னம் போகும் வழியில் பஸ் மெதுவானது. பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே அந்தச் சூடான வாசனை வந்தது. மடியில் உன் முதலாண்டு நினைவு மலர். உன் மகன் தபாலில் அனுப்பியது. நம் ஹெலிகாப்டர் கம்பெனியின் வரலாறு அதில் நான்கு பக்கம்.

வாடகைக்கு எடுத்த ஒரே ஹெலிகாப்டர், குன்னத்துக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தளம், ஒரு தகரக் கொட்டகை. நாம் இருவரும் தொடங்கியது இவ்வளவுதான். அரியலூர் சிமெண்டு ஆலை முதலாளிகள் பறப்பார்கள் என்று நினைத்தாய். வந்தவை கும்பாபிஷேகங்கள். கோபுரத்துக்கு மேல் பூத் தூவியே பிழைத்தோம். முதல் நாள் என்னையும் உள்ளே தள்ளி ஏற்றினாய். ரஞ்சன்குடிக் கோட்டை உள்ளங்கை அளவில் கீழே கிடந்தது. "நம்ம ஊருடா இது" என்று என் தோளைப் பிடித்துக் கத்தினாய். அந்தக் கையை நம்பினேன்.

தளத்துக்கு நான் பொறுப்பு. "ஏர்போர்ட் மேனேஜர் சார், ஆடு மேயாம பாத்துக்கங்க" என்பாய், எல்லார் முன்னாலும். ஆட்டைவிடச் சோளம்தான் தொல்லை. அறுவடை முடிந்தால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூட்டையோடு வேலியில் நிற்பார்கள். நான் விரட்டுவேன், நீ நல்ல பேர் வாங்குவாய்.

அன்றும் அப்படித்தான். "ரோட்டுல போட்டா லாரி ஏத்திடறான் தம்பி. உங்க தும்பி வர்றதுக்குள்ள அள்ளிடறோம்" என்றார் ஒரு அம்மா. முடியாது என்றேன். நீ கேட்டைத் திறந்துவிட்டாய். "காயட்டும்டா, அது சாயங்காலம்தான் வருது." மறுநாள் கும்பாபிஷேகத்துக்காக என்னைக் கோயிலில் பேசிவர அனுப்பினாய்.

மழைக்கு முன்பே வந்துவிடுகிறேன் என்று ஹெலிகாப்டர் ஓட்டும் கேப்டன் உனக்குத்தான் போன் செய்தார். வாங்க என்றாய். சோளத்தை மறந்துபோனாய். இறங்கும்போது சோளத்துக்கு அடியில் விரித்திருந்த தார்ப்பாய் காற்றில் எழும்பி வால் விசிறியில் சுற்றிக்கொண்டது. நான் திரும்பியபோது ஹெலிகாப்டர் ஒருக்களித்துக் கிடந்தது. கேப்டனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அம்மா சிதறிய சோளத்தைப் பொறுக்காமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாய். "நீ ஏத்துக்கடா. என் பேரு வந்தா லைசென்ஸ் போயிடும். பத்து வூடு இதுல சாப்புடுது. ஆறு மாசத்துல உன்னத் திரும்ப எடுத்துக்கறேன்."

நான்தான் சோளம் போட அனுமதித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் நீ கூப்பிடவேயில்லை. வேறு எந்த விமானக் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. உன் காரியத்தன்று கேப்டன் வந்திருந்தார், கம்பு ஊன்றி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலரில் அந்த விபத்துக்கு ஒரே வரி: "ஓர் ஊழியரின் கவனக்குறைவு." ஊழியராம். பேரையாவது போட்டிருக்கலாம்.

வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் இன்றும் தரையைத்தான் பார்க்கிறேன், எங்காவது சோளம் காய்கிறதா என்று.

இதை உன் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உன் மகன் பிரிப்பான், படிப்பான். கீழே என் கையெழுத்து இருக்காது. நீ கேட்டு ஒருமுறை போட்டேன். அது போதும்.