சிப்பிக்காகத் திறந்த ஜன்னல்

இன்று காலை ஸ்வெட்டரை உதறியபோது கை விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொட்டிக்குள் கை விடும்போது மடித்துவிட மறந்திருக்கிறேன். உங்கள் ஸ்வெட்டர் எல்லாமே இப்படித்தான் இருக்கும். துவைக்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன்.

குன்னூரில் தேயிலை ஏல ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் ராட்சதச் சிப்பி வளர்த்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். பெயர்தான் ராட்சதம்; பண்ணையில் பிறந்த, உள்ளங்கை அகலச் சிப்பி. ஓட்டுக்கு வெளியே நீலச் சதையை விரித்து, விளக்கைப் பார்த்தபடி கிடக்கும். அதற்கு ஹீட்டர் உண்டு, நமக்குக் கம்பளிதான். "எங்கம்மா வந்தப்பக்கூட இப்படிக் கவனிக்கலீங்க" என்பேன். சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறப்பீர்கள்.

அந்த ஜன்னல்தான் நம் அன்றாடச் சண்டை.

"ஏனுங்க, குளிருது. சாத்துங்க."

"நாம உடற மூச்சு தண்ணில கரைஞ்சு அதைப் புளிக்க வைக்குது புள்ள. அப்புறம் ஓடு எப்படி வளரும்?"

உடனே புளிப்பை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பீர்கள். புளிப்பு ஏற ஏற எண் இறங்கும். எட்டு புள்ளி மூன்று வரவேண்டும் என்பது உங்கள் ஆசை. எப்போதும் அதற்குச் சற்றுக் கீழேயே நிற்கும்.

நீங்கள் போன அன்று நல்ல மழை. வீடு நிறையச் சொந்தம், ஜன்னலெல்லாம் சாத்தி, நடுவில் கரியடுப்பு. மறுநாள் மதியம் பார்த்தால், சிப்பி சதையை உள்ளே இழுத்துக்கொண்டு வாய் பிளந்து கிடந்தது. காரணம் எனக்குத் தெரியும். உங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது சாகவிடக் கூடாது என்று தோன்றியது. கரியடுப்பை வெளியே தூக்கி வைத்துவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தேன். "அண்ணிக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க" என்று உங்கள் தங்கை அழுதாள். பெரியவர்கள் போர்வைக்குள் முணுமுணுத்தார்கள். நான் யாரையும் சாத்தவிடவில்லை. மாலைக்குள் நீலம் மெல்ல வெளியே வந்தது.

சொந்தமெல்லாம் கிளம்பிப் போனபின் வீட்டில் நான் ஒருத்திதான். உப்புக் கலக்குகிறேன், தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கிறேன். ஓட்டின் விளிம்பில் புதிதாக வெள்ளை வளர்ந்திருக்கிறது. போன வாரம் ஜன்னல் சாத்தியிருந்தபோதே மீட்டரை விட்டுப் பார்த்தேன். எட்டு புள்ளி மூன்று. வீட்டில் மூச்சு விட ஓர் ஆள் குறைந்துவிட்டதல்லவா. நீங்கள் ஆசைப்பட்ட அளவுதான். எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.