பெரட்டுச் சங்கு

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் துவாரகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி கௌசிகா மூன்று பேரும் சுகம், அம்மன் புண்ணியத்தில் அப்பாவின் முழங்காலும் இந்த வாரம் சுகம். அதுபோல நீயும் அந்த டோஹா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என்னடா இந்தக் காலத்தில் கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் நான் சொல்லி முடிப்பதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சரிம்மா போட முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். கௌசிகா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள். செவ்வாய்க்கிழமைக்குள் அந்தச் சென்னைக் கம்பெனிக்கு நீ பதில் சொல்ல வேண்டுமே, அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை இங்கே நடந்த கூத்து உனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று பார். உன் பாட்டை அந்தக் கம்பெனி எடுத்து ஊர் உலகமெல்லாம் போடும், ஆனால் இரண்டு விஷயத்தை நீ மாற்ற வேண்டும். ஒன்று, பாட்டின் தொடக்கத்தில் நீ வைத்திருக்கும் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிச் சங்கை வெட்ட வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் சங்கு ஊதினால் கேட்கிறவர்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்களாம். மற்றது, பெரட்டு என்ற சொல் யாருக்கும் விளங்காதாம், அதை எடுத்துவிட்டுப் பார்ட்டி என்று போட வேண்டுமாம். விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு நம் பெண்கள் கூடையோடு ஓடுவதைத்தானே நீ பாடியிருக்கிறாய், இனிமேல் அவர்கள் அந்தக் கூடையை மாட்டிக்கொண்டு பார்ட்டிக்குப் போக வேண்டுமா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை. அவர்தான் உன் பாட்டை முதல் நாள் கேட்டுவிட்டு, "இது பாட்டா, இல்ல பசறை பஸ்ஸுக்கு ஆள் கூப்புடுறதா" என்று கேட்டவராயிற்றே. எந்தச் சொல் இருந்தால் என்ன, எப்படியும் அது பாட்டில்லை என்று சொல்லிவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டுக்கொண்டார். அவர் ருசி அப்படி. எனக்கு பைலா ஆட்டப் பாட்டு கேட்டால்தான் சமையலே ஓடுகிறது, அதற்கே இத்தனை வருஷமாகக் கேலி செய்கிறார். பக்கத்துத் துணிக்கடை மர்ஸூக் நானாவுக்குப் பழைய ஹிந்திப் பாட்டு. நம் ஸ்பீக்கர் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான், அதனால் அந்தக் காலத்திலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பகல் வரைக்கும் அவர் பாட்டு, பிறகு நம் பாட்டு, பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் இரண்டும் இல்லை. இன்றைக்கு வரைக்கும் ஒரு சண்டை வந்ததில்லை.

இனி வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். நமுனுகுலவில் நான் பிறந்த தோட்டத்தில் அம்மன் திருவிழா, வழக்கம்போல ஸ்பீக்கர் வேலை அப்பாவுக்குத்தான். நானும் உன் அத்தையும் கௌசிகாவும் ஸ்பீக்கர் லொறியிலேயே முதல் நாள் போய்விட்டோம். அப்பா பென் டிரைவ் வைத்திருக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, சாமி, கல்யாணம், சடங்கு, சாவு என்று எழுதி வைத்திருப்பார். ஹாலிஎலவில் ஒரு கல்யாண வீட்டில் சாவு வீட்டு ஒப்பாரியைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த ஒழுங்கு அது. காலை ஆறு மணி, பனிமூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. நான் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன், அத்தை பூக்கட்டிக்கொண்டிருந்தார். அப்பா மரத்தில் ஏற்றிக் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரும் லயத்து வீடுகளைப் பார்த்தபடி. சாமிப் பாட்டு வரும் என்று இருக்கிறோம், வந்தது சங்கு. உன் சங்கு.

தோட்டத்துக்கு அன்றைக்கு லீவு. ஆனாலும் சங்கு சங்குதானே! லயத்துக் கதவெல்லாம் படபடவென்று திறந்தது. குளித்து, பூ வைத்து, புதுச்சேலை கட்டியிருந்தவர்கள் அந்தப் புதுச்சேலைக்கு மேலேயே சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடுகிறார்கள். ராமாமிர்தம் கங்காணி பாதிச் சவரத்தில், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்று, "என்ன இவ்ளோ லேட்டு, சங்கு ஊதி எவ்ளோ நேரமாச்சு" என்று எல்லாரையும் ஏசுகிறார். ஏசுகிறவருக்கும் லீவு ஞாபகம் இல்லை, ஏச்சு வாங்குகிறவர்களுக்கும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரிசிச் சட்டியோடு நானும் எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் கொழுந்து பறித்த கால், என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. அதற்குள் சங்கு நின்று உன் குரல் தடதடவென்று வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பெரட்டு இல்லடி, பாட்டுடி! எம் மவன் பாட்டுடி!" என்று கத்தினேன். ஓடிவந்தவர்கள் ஒருவர் இடுப்புச் சாக்கை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கங்காணி தன் கன்னத்தைத் தடவி நுரையைப் பார்த்தாரே, அதோடு சரி, களமே சிரித்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு, சாக்கோடு ஆடினார்கள். ஐந்து தடவை போடவைத்தார்கள். சாமி நாளில் இது என்ன கூச்சல் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. அப்பா அவர்களுக்கு ஒரு சாமிப் பாட்டு, இவர்களுக்கு உன் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டார்.

துவா, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பதுளைக் கடைக்கு வந்த புதிதில் உன் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடைக்கு வர்றவங்க முன்னால பெரட்டு கிரட்டுன்னு தோட்டப் பேச்சு பேசாதம்மா, லேசா நெனப்பாங்க" என்றார். என்னை யாரும் குறைவாகப் பேசிவிடக்கூடாதே என்றுதான் சொன்னார். ஆனாலும் முப்பத்தொரு வருஷம் அந்தச் சொல்லை நான் நாலு பேர் முன்னால் சொன்னதே இல்லை. உனக்கும் நான் சொல்லித்தரவில்லை, பள்ளிக்கூட லீவில் மாமா வீட்டுக்குப் போய் நீயே பொறுக்கிக்கொண்டு வந்தது. அதை அன்றைக்கு மலை முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, பக்கத்தில் அத்தை நிற்பது ஞாபகம் வந்து திரும்பினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பயலா பாடுறான், இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

 திரும்பி வரும் வழியில், பசறையில் டீ குடிக்கும்போது அப்பா சொன்னார். "எனக்குப் புடிக்கல. ஆனா புடிக்கலங்கறதுக்காக மர்ஸூக்கோட ரேடியோவ நான் போய் நிறுத்துறனா? புடிக்காட்டி வேற பாட்டு கேக்கணும். வெட்டக்கூடாது." மர்ஸூக் நானாவிடம் சனிக்கிழமை இதைச் சொன்னேன், அவர், "சட்டை சின்னதெண்டா துணியத்தான் கூட்டித் தைக்கோணும், வந்த ஆளையா வெட்டுறது" என்றார். அதற்காகக் கம்பெனிக்காரர்களை ஏசி எழுதிவிடாதே. நாமும் கடை வைத்துப் பிழைக்கிறவர்கள்தான், விற்பதில் குற்றமில்லை. பார்ட்டிப் பாட்டு கேட்கிற பிள்ளைகளையும் குறைவாகப் பேசாதே, கௌசிகாவே நாள் முழுக்க அதைத்தான் கேட்கிறாள், பாஸாகிக்கொண்டும் இருக்கிறாள். இந்த வாய்ப்புக்காக நீ மூன்று வருஷமாக வேலை முடிந்து வந்து அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடிப் பாடிப் பதிவு செய்ததும் எனக்குத் தெரியும். இது கைவிட்டுப் போனால் உனக்கு எவ்வளவு வலிக்கும் என்றும் தெரியும். மேளத்தைக் கூட்டச் சொன்னால் கூட்டு, படத்தை மாற்றச் சொன்னால் மாற்று. சங்கும் பெரட்டும் மட்டும் இருக்கட்டும் என்று மரியாதையாகக் கேட்டுப் பார். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு நீயே போடு. கேட்க ஒரு தோட்டமே இருக்கிறது, நான் பார்த்தேன்.

தலைக்கு எண்ணெய் வை, ஏசிக் காற்றில் ஈரத் தலையோடு படுக்காதே, தங்கச்சி பிறந்தநாள் இருபத்திரண்டாம் தேதி, மறந்தால் அவள் உன்னைச் சும்மா விடமாட்டாள். இன்னும் ஒன்று. கண்ணாடி போடாததால்தான் பென் டிரைவ் மாறிப்போனது என்று அப்பா இன்றைக்கு வரைக்கும் சாதிக்கிறார். நேற்று அந்த பிஸ்கட் டின்னைத் துடைத்தேன். சாமிக்குப் பக்கத்தில் புதுப் பிளாஸ்டர் ஒட்டி ஒன்று இருக்கிறது, அப்பாவின் கையெழுத்தில் "தம்பி" என்று எழுதி. கௌசிகா போட்டுப் பார்த்தாள், அதற்குள் உன் பாட்டு ஒன்றுதான்.

அம்மன் துணையிருப்பாள், என் ராசா நல்லா இருப்பாய். செவ்வாய்க்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வை. விஜயலெட்சுமி

(அப்பா முழுவதையும் வாங்கிப் படித்துவிட்டு, தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார்.)

கண்ணாடி போடாததுதான் காரணம். சங்கை வெட்டாதே.
அப்பா